ஒன்பது அடிக்கு ஒரு பிக்சல்

திருவண்ணாமலையில் மலையின் உயரம் 2668 அடி என்பது பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் கணக்கு. அந்த மலையை 1200 பிக்சல் அகலமும் 400 பிக்சல் உயரமும் உள்ள ஒரு சின்னப் பட்டைக்குள் கொண்டுவர வேண்டும். வானத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டால் மலைக்குக் கிடைப்பது 300 பிக்சல். அதாவது ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 9 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்கிவைத்த 217 அடி ராஜகோபுரம் இதே அளவுகோலில் ஏறத்தாழ 24 பிக்சலில் அடங்கிவிடும். உச்சியில் மகாதீபம் எரியும் ஆள் உயரக் கொப்பரைக்கு ஒரு பிக்சல்கூட முழுதாகத் தேறாது.

கார்த்திகை தீப வாழ்த்துப் படங்களில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சுடர் மலையில் பாதி உயரத்துக்கு எழுந்து நிற்கும். யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை, ஏனென்றால் அது புகைப்படமாகப் பார்க்கப்படுவதே இல்லை. மலை ஒரு படம், சுடர் வேறொரு படம், பெயர் மூன்றாவது. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, சேர்த்த இடம் தெரியாமல் செய்வதுதான் திருவண்ணாமலையின் டிசைன் கடைகளில் கார்த்திகை மாதம் முழுக்க நடக்கும் வேலை. கணினியில் படத் திருத்தம் பழக நினைப்பவர் தொடங்குவதற்கும் இதுவே சரியான இடம். இடப்பக்கம் மலை, உச்சியில் சுடர், வலப்பக்கம் பெயர், அதன் கீழே தேதியும் கையெழுத்தும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் கடையின் வாழ்த்து அட்டைக்கும் போதுமான இந்தச் சிறு பட்டையில் அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் வந்துவிடுகின்றன.

முதலில் கருவி. போட்டோஷாப்பின் பிறப்பு அமெரிக்காவின் மிச்சிகனில். அங்கே ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல் 1987இல், கறுப்பும் வெள்ளையும் மட்டுமே காட்டத் தெரிந்த தன் மேக்கின்டாஷ் திரையில் சாம்பல் நிறப் படங்களைக் காட்ட ஒரு சிறு நிரல் எழுதினார். ஹாலிவுட் படங்களுக்குச் சிறப்புக் காட்சிகள் செய்துகொண்டிருந்த அவருடைய சகோதரர் ஜான் நோல் அதைப் பார்த்துவிட்டு, இது முழு மென்பொருளாக வளர வேண்டியது என்று பிடித்துக்கொண்டார். அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் அதை வெளியிட்டது. நோல் சகோதரர்களின் தந்தை வீட்டிலேயே இருட்டறை வைத்துப் படம் கழுவியவர். இன்றைக்கும் கருவிப்பெட்டியில் இருக்கும் டாட்ஜ், பர்ன் இரண்டும் அந்த இருட்டறையிலிருந்து வந்தவைதான். தாளின் ஒரு பகுதியில் ஒளி படாமல் கையால் மறைத்தால் அந்த இடம் வெளிறும். கூடுதலாக ஒளி காட்டினால் கறுக்கும்.

மேக்கின்டாஷில் மட்டும் ஓடிய இந்த மென்பொருள் விண்டோஸுக்கு வந்திராவிட்டால் நம்மூர்க் கடைகளுக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம். அந்த மாற்றத்தில் பெரும் பங்கு வகித்தவர், திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்த சீதாராமன் நாராயணன். போட்டோஷாப் திறக்கும்போது சில நொடிகள் தோன்றும் பெயர்ப்பட்டியலில் பல ஆண்டுகள் அவர் பெயர் இருந்தது. யார் இவர் என்று உலகெங்கும் டிசைனர்கள் தேடி, அவருக்கு இணையத்தில் ரசிகர் கூட்டமே சேர்ந்தது.

இனி பட்டை. புதிதாகப் பழகுபவர் வழக்கமாகச் செய்வது, மலைப் படத்தைத் திறந்து அதன் மேலேயே எழுதவும் வரையவும் தொடங்குவது. கொஞ்ச நேரத்தில் பெயரின் நிறத்தை மாற்றத் தோன்றும். ஆனால் பெயர் மலையோடு ஒட்டிப்போயிருக்கும். இதற்கு மருந்துதான் லேயர். ஒவ்வொரு பொருளும் தனித்தனி ஏட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக. மூலவருக்குக் காலையில் விபூதிக் காப்பும் மாலையில் பூ அலங்காரமும் செய்தாலும் கலைத்ததும் அடியிலுள்ள திருமேனி அப்படியே இருப்பதுபோல, மேல் ஏட்டில் என்ன செய்தாலும் அடியிலுள்ள படம் கெடாது. வியப்பு என்னவென்றால் போட்டோஷாப்பிலேயே லேயர் வந்தது 1994இல், மூன்றாம் பதிப்பில்தான். அதுவரை ஒட்டியது ஒட்டியதுதான். பல படிகள் பின்னோக்கிப் போகும் வசதி இன்னும் தாமதமாக, 1998இல் வந்தது. அதற்கு முன் ஒரே ஒரு அடிதான் பின்வைக்க முடியும். அந்தக் காலத்தில் வேலை செய்தவர்களின் பொறுமையை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

மலையை வானத்திலிருந்து பிரிக்க வேண்டும். இதற்கு அந்தி நேரத்தில் எடுத்த படம் வாகானது: வானம் வெளிச்சமாகவும் மலை இருட்டாகவும் இருப்பதால் விளிம்பு தெளிவாகத் தெரியும். மேஜிக் வாண்ட் கருவியால் வானத்தைத் தொட்டால், தொட்ட பிக்சலை ஒத்த நிறமுள்ள அண்டைப் பிக்சல்களை அது தேர்ந்தெடுக்கும். எவ்வளவு ஒத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண்தான் டாலரன்ஸ். போட்டோஷாப்பில் அது 32 என்றே தொடங்கும். மேகம் இருந்தால் 32 போதாது. ஏற்றிக்கொண்டே போனால் மலையின் வெளிச்சமான பாறைகளையும் விழுங்கிவிடும். நடுவில் ஓர் எண்ணைக் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தேர்ந்தெடுத்தபின் டெலீட் பொத்தானை அழுத்துவது தவறான பழக்கம். மாஸ்க் போடுவது நல்ல பழக்கம். மாஸ்க் என்பது லேயருடன் ஒட்டியிருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் வெள்ளை உள்ள இடத்தில் லேயர் தெரியும், கறுப்பு உள்ள இடத்தில் மறையும், சாம்பலில் பாதி தெரியும். வெட்டியது அதிகமாகிவிட்டால் வெள்ளைத் தூரிகையால் தடவினால் போதும், மலை திரும்ப வந்துவிடும். விளிம்பு கத்தரியால் நறுக்கியதுபோல் இருந்தால் ஒன்றிரண்டு பிக்சல் ஃபெதர் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் கொடுத்தால் மலையைச் சுற்றிப் பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும்.

சுடரை ஒட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சுடருக்கு விளிம்பே கிடையாது. அதைக் கத்தரித்து எடுக்க முயல்பவர்கள் மணிக்கணக்கில் போராடி, கடைசியில் மஞ்சள் காகிதத்தை ஒட்டியதுபோல் ஒன்றைச் செய்துவிட்டு அலுத்துப்போவார்கள். இருட்டில் எரியும் விளக்கைப் படம் பிடித்து, பின்னணி கன்னங்கறுப்பாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அந்த லேயரை ஸ்கிரீன் என்னும் கலப்பு முறைக்கு மாற்றினால் கத்தரிக்கும் வேலையே வராது. கறுப்பு முழுவதும் தானாக மறைந்து சுடரும் அதன் மெல்லிய ஒளிவட்டமும் மட்டும் மலைமேல் நிற்கும்.

இதற்குப் பின்னால் இருப்பது எளிய கணக்கு. கறுப்பை 0 என்றும் வெள்ளையை 1 என்றும் வைத்துக்கொண்டால், ஸ்கிரீன் முறை இரண்டு படங்களிலும் ஒன்றுக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறது. அந்தக் குறைகளைப் பெருக்கி, விடையை ஒன்றிலிருந்து கழிக்கிறது. மலையின் ஒரு புள்ளி 0.2, அதன்மேல் சுடர் 0.5 என்றால் குறைகள் 0.8, 0.5. பெருக்கினால் 0.4; ஒன்றிலிருந்து கழித்தால் 0.6. இடம் வெளிச்சமாகிறது. சுடருக்குப் பதில் கறுப்பு, அதாவது 0 இருந்தால் மலையின் 0.2 மாறாமல் அப்படியே இருக்கும்.

இதற்கு நேர் எதிரானது மல்டிப்ளை. அது நேரடியாகப் பெருக்குவதால் வெள்ளை மறைந்து கறுப்பு நிற்கும். வெள்ளைத் தாளில் மையால் போட்ட கையெழுத்தை வெளிர் பின்னணியில் வைக்க இதைவிட எளிய வழி இல்லை. நம் பட்டையோ அந்தி இருட்டு. கறுப்பு மை அதில் தெரியாது. அதனால் கையெழுத்துப் படத்தை முதலில் தலைகீழாக்கி, கறுப்புத் தாளில் வெள்ளை மையாக மாற்றிவிட்டு ஸ்கிரீன் போட வேண்டும். கைபேசியில் எடுத்த தாள் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் உண்மையில் சாம்பலாக இருக்கும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸில் அந்தச் சாம்பலை முழு வெள்ளைக்குத் தள்ளாவிட்டால், கையெழுத்தைச் சுற்றி ஒரு மங்கலான கட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் அதே லெவல்ஸைப் படங்களில் தாராளமாக இழுத்துவிடும் பழக்கம் இருக்கிறதே, அது பெரிய கேடு. ஊரில் எந்தப் படக்கடையிலும் கிடைக்கும் ரமண மகரிஷியின் மார்பளவுப் படத்தைப் பார்த்தால் புரியும். 1940களில் வெல்லிங் என்ற புகைப்படக்காரர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. வெண்ணிறத் தலைமுடியும் தாடியும் கிட்டத்தட்ட வெள்ளை, ஆனால் முழு வெள்ளை இல்லை. ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிவது அந்தக் ‘கிட்டத்தட்ட’வில்தான். நல்ல அச்சில் இருக்கும் அந்த இழைகள், ‘பளிச்’ ஆக்கப்பட்ட மலிவுப் பிரதிகளில் காணாமல் போய்த் தாடி வெறும் வெள்ளைத் திட்டாக நிற்கும். வழக்கமான படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து 1 கோடியே 67 லட்சம் நிறங்கள் என்று பெருமையாகச் சொல்லப்பட்டாலும், வெண்தாடிக்கு எஞ்சியிருப்பது கடைசி இருபது முப்பது படிகள்தான். அவற்றை முழு வெள்ளையாக வெளுக்கவிட்டால் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

பெயர் எழுதும் இடத்தில்தான் தமிழருக்கென்று தனிச் சோதனை காத்திருக்கிறது. பழைய போட்டோஷாப் 7.0, 2002இல் வந்தது. அது இன்னும் விடைபெறாத டிசைன் கடைகள் தமிழ்நாட்டில் ஏராளம். அதில் யூனிகோடுத் தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கும். யூனிகோடில் ‘கெ’ என்ற எழுத்து, முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்த வேண்டியது மென்பொருளின் பொறுப்பு. ‘கொ’வில் குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு பழைய பதிப்புக்குத் தெரியாது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இந்தச் சிக்கலைத் தந்திரமாகத் தாண்டின. அவை ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டவை. ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று தட்டினால் திரையில் ‘தமிழ்’ என்று வரும். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டுவதால் கொம்பு குழம்பாது. விலை என்ன? கணினிக்கு அது தமிழே அல்ல. எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் கோப்பைத் திறந்தால் பெயருக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். இப்போதைய போட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடு ஒழுங்காக வருகிறது. 1990களின் நடுவில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் தொடங்கிய கிம்ப் மென்பொருளின் இன்றைய பதிப்புகளில் இந்தத் தொல்லை இல்லை, காசும் கேட்பதில்லை. கற்றுக்கொள்பவருக்கு அதுவே போதும். கத்தமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்ற நல்ல தமிழ் எழுத்துருக்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

எழுத்துருவைத் தேர்ந்தெடுத்ததும் சுற்றிலும் தடித்த கோடு, நிழல், பொன்னிறப் பளபளப்பு என்று எல்லாவற்றையும் ஏற்றத் தோன்றும். ‘அண்ணாமலையார்’ என்று எழுதிப் பார்த்தால் ஆசை அடங்கும். ணகரத்தின் சுழிகளுக்குள் இருக்கும் வெற்றிடம் சிறிய அளவில் இரண்டு மூன்று பிக்சல்தான். தடித்த கோடு அதை அடைத்துவிட்டால் ண என்பது வெறும் கறையாகிவிடும். கோடு எழுத்துக்கு வெளியே மட்டும் விழும்படி அமைத்து, அதையும் இரண்டு பிக்சலோடு நிறுத்திக்கொள்வது நலம்.

பட்டை பிடித்துப்போய், இதையே ஆறடிக்கு நாலடி ஃப்ளெக்ஸாக அடிக்கலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். முடியாது. ஃப்ளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று கணக்கு வைத்தாலும், 72 அங்குல அகலத்துக்கு 5184 பிக்சல் வேண்டும். பட்டையில் இருப்பது 1200. பெரிதாக்கும்போது மென்பொருள் இல்லாத பிக்சல்களை ஊகித்து நிரப்புமே தவிர, இல்லாத விவரத்தைக் கொண்டுவராது. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு, வாட்ஸ்அப்பில் வந்த குடும்பப் படத்திலிருந்து ஒரு முகத்தை எடுத்துத் தரச் சொல்லும்போது டிசைனர் தயங்குவதும் இதனால்தான். முழுப் படமே 1600 பிக்சலுக்குள் சுருங்கி வந்திருக்கும். அதில் முகத்துக்கு நூறு பிக்சல் இருந்தால் பெரிது. பேனர் கட்டுவதில் வேறு கேள்விகளும் உண்டு. 2019இல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்தபின், இந்தக் கலாச்சாரத்தை நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. பட்டை கைபேசியோடு நிற்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

கடைசியாகச் சேமிப்பு. ஜேபெக் வடிவம் படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாது என்று தான் நினைக்கும் விவரங்களைக் கழித்துவிடுகிறது. நிறத்தை வெளிச்சத்தைவிட அதிகமாகச் சுருக்குவதால், இருட்டுப் பின்னணியில் சிவப்பு எழுத்து ஓரமெல்லாம் கசிந்து தெரியும். பெயருக்கு வெள்ளையோ வெளிர் மஞ்சளோ பாதுகாப்பு. எழுத்து முதன்மையான படத்தைப் பிஎன்ஜி வடிவத்தில் சேமித்து, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் சுருங்காமல் போய்ச் சேரும். லேயர்களோடு கூடிய மூலக் கோப்பு, போட்டோஷாப்பில் பிஎஸ்டி, கிம்ப்பில் எக்ஸ்சிஎஃப், தனியாக இருக்க வேண்டும். தீபத் திருநாளின் தேதி ஆண்டுதோறும் மாறும். அந்தக் கோப்பு கையில் இருந்தால் அடுத்த கார்த்திகைக்குத் தேதி லேயரை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது.