மழைக்கால ட்ரெக்கிங் சீசன்: கராடி ஐடி வேலையில் இருப்பவர்கள் உடலைத் தயார் செய்வது எப்படி?

ஜூன் மாதம் புனேவில் முதல் நல்ல மழை பெய்த வாரமே உங்கள் டீம் வாட்ஸ்அப் குழுவில் மெசேஜ் வந்துவிடும்: "சண்டே சிங்ககட் போலாமா?" யோசிக்காமல் கட்டைவிரலை உயர்த்திவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை பாதி மலையில் மூச்சு வாங்கி, திங்கட்கிழமை ஆபீஸ் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவீர்கள்.

அமெரிக்காவில் வேட்டை சீசனுக்கு முன்பு பலர் மாதக்கணக்கில் எடை குறைத்து, முதுகில் சுமையோடு மலையேறிப் பயிற்சி எடுப்பார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. (கராடி என்ற பெயரைக் கேட்டு ஊரில் இருந்து "அங்க கரடி இருக்கா?" என்று கேட்கும் மாமாக்களுக்கு இதைச் சொல்லி வைக்கலாம்.) நமக்கு சீசன் என்றால் சஹ்யாத்ரி மலைக் கோட்டைகள்தான். ஆனால் தயாராக வேண்டிய உடல் கிட்டத்தட்ட அதேதான்: ஏற மூச்சும், இறங்க முழங்காலும், இரண்டுக்கும் இடைஞ்சல் இல்லாத வயிறும்.

சிங்ககட் ஏறுவது எவ்வளவு பெரிய வேலை?

கோட்டை கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,312 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் உள்ள அத்கர்வாடி கிராமத்தில் இருந்து நடந்தால் ஏறக்குறைய 600 மீட்டர் செங்குத்தாக ஏற வேண்டும். தூரம் ஒரு பக்கம் 3 கிலோமீட்டருக்கும் குறைவு என்பதால் பலர் ஏமாந்து போகிறார்கள்.

இதை உங்கள் அபார்ட்மெண்ட் கணக்கில் பார்க்கலாம். ஒரு மாடி சுமார் 3 மீட்டர் என்று வைத்தால் சிங்ககட் 200 மாடி. இயான் ஐடி பார்க்கைச் சுற்றி நிற்கும் 20 மாடிக் குடியிருப்பு ஒன்றை 10 முறை ஏறுவதற்குச் சமம், அதுவும் சீரான படிகள் இல்லாமல், ஈரப் பாறையில்.

80 கிலோ எடையுள்ள ஒருவர் இவ்வளவு உயரம் ஏற உடல் செலவழிக்கும் ஆற்றல் சுமார் 500 கலோரி. மேலே போனதும் கிடைக்கும் ஒரு தட்டு வெங்காய பஜியும், கீழே வந்ததும் சாப்பிடும் ஒரு வடா பாவும் அதை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். மலையேறி எடை குறைப்பேன் என்ற திட்டம் பெரும்பாலும் இங்கேதான் உடைகிறது. ஏறுவதற்காக எடை குறைப்பது வேறு, அது நடக்கக்கூடியது.

"நான் ஒல்லிதானே, எனக்கு எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு உலகப் புகழ்பெற்ற பதில் ஒன்று புனேவில் இருந்தே கிடைத்தது. புனே கேஇஎம் மருத்துவமனையின் நீரிழிவு ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக், தானும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றை 2004-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றேதான்: 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம்.

வெளியில் ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்த உடல்வாகு இந்தியர்களிடம் பரவலாக இருக்கிறது. கை கால் மெலிந்து, தொப்பை மட்டும் லேப்டாப் பக்கம் நகர்ந்துகொண்டே வரும். அதனால்தான் நமக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று இந்திய மருத்துவர்கள் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். எடை மெஷினை விட தையல்காரர் டேப் உங்களுக்கு உண்மையைச் சொல்லும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இதற்கு மேல் போனால் கவனம் தேவை.

சரி, எடை குறைந்தால் மலையில் என்ன லாபம்? அதிக எடையும் மூட்டுத் தேய்மானமும் உள்ள வயதானவர்களிடம் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீதான சுமை சுமார் 4 கிலோ குறைவதாகத் தெரிந்தது. உங்கள் முழங்கால் அவர்களுடையது போல் இல்லைதான். ஆனால் 5 கிலோ தொப்பையும் 5 கிலோ பையும் மலைக்கு ஒன்றுதான். பையில் தண்ணீர் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஜிம்முக்குப் போறேனே, அது போதாதா?"

போதாது என்று சொல்லமாட்டேன். ஆனால் டிரெட்மில்லில் ஒரு விஷயம் கிடைக்காது: இறக்கம்.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உங்களை மேலே தள்ளுகிறது. அதில் இதயமும் நுரையீரலும் திணறும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உங்கள் முழு எடையையும் பிரேக் போல் பிடிக்க வேண்டும். இந்த வகை உழைப்பில்தான் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. வலி அன்றைக்கே தெரியாது. மறுநாள் ஆரம்பித்து இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருக்கும். திங்கட்கிழமைப் படிக்கட்டு நாடகத்துக்குக் காரணம் இதுதான்.

நல்ல செய்தியும் இருக்கு. ஒருமுறை மிதமான இறக்கத்தைப் பழக்கிவிட்டால், தசை அதை சில வாரங்களுக்கு நினைவில் வைத்திருக்கும். அடுத்த முறை அதே இறக்கத்தில் சேதம் குறைவு. ஆகவே அபார்ட்மெண்டில் மாடி ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குபவர்கள் பாதிப் பயிற்சியைத்தான் செய்கிறார்கள். முழங்காலில் ஏற்கெனவே பிரச்சினை இல்லை என்றால், மெதுவாக, குதிகால் தொப்பென்று விழாமல் நடந்தே இறங்குங்கள்.

12 வாரத்தில் என்ன செய்வது?

மார்ச் நடுவில் தொடங்கினால் மழைக்குச் சரியாக வரும். முதல் மாதம் பெருமைக்கு இடமில்லை. வாரத்தில் 5 நாள், தினம் 30 நிமிடம் வேக நடை. பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிடக் கணக்கு இதிலேயே முடிந்துவிடும். அதோடு வாரம் இருமுறை தோப்புக்கரணம் போல உட்கார்ந்து எழுவது, ஒரு படியில் நின்று ஒற்றைக் காலால் மெதுவாக இறங்குவது.

இரண்டாவது மாதம் மாடிப்படி. வாரம் இரண்டு முறை 20 மாடியில் தொடங்கி 60, 80 என்று கூட்டுங்கள். ஞாயிறு காலை நகர் ரோடு டிராஃபிக் விழிக்கும் முன்பு கிளம்பினால் நூறு சொச்சம் படிகள் உள்ள பார்வதி மலைக்கோ, வேதாள் டேக்டிக்கோ போய் வரலாம். கராடியில் இருந்து இரண்டும் நகரத்தின் மறு பக்கம். ஆனால் மண்ணும் கல்லும் உள்ள பாதையில் கணுக்கால் பழகுவதற்கு வேறு குறுக்கு வழி இல்லை.

மூன்றாவது மாதம் பையைச் சேருங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் என்றாலே 2 கிலோ. மழைக்கோட்டு, சாப்பாடு சேர்ந்தால் 5 கிலோ வரும். கடைசி வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள்.

சாப்பாட்டில் தினம் 500 கலோரி அளவுக்குக் குறைத்தால் வாரத்துக்கு சுமார் அரை கிலோ இறங்கும். 12 வாரத்தில் 4 முதல் 6 கிலோ என்பது நியாயமான எதிர்பார்ப்பு. பட்டினி கிடந்து 10 கிலோ குறைத்தால் அதில் தசையும் போகும், மலையில் கால் நடுங்கும். காலை போஹா, மதியம் சாதம், இரவு டெலிவரியில் வந்த தோசை என்று ஓடும் பேச்சிலர் நாளில் குறைவது புரதம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பன்னீரில் ஏறக்குறைய 18 கிராம். ஊரில் கோயில் பிரசாதமாக வாங்கித் தின்ற கொண்டைக்கடலை சுண்டலை சாயங்கால ஆபீஸ் சமோசாவுக்குப் பதிலாக வைத்தால் பாதி வேலை முடிந்தது.

யார் டாக்டரைப் பார்க்காமல் ஏறக் கூடாது?

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள், வருடக்கணக்கில் உட்கார்ந்தே வேலை பார்த்துவிட்டு திடீரென்று ஏறக் கிளம்புபவர்கள். கோவை வெள்ளியங்கிரி மலையில் 2024 சீசனில் ஏறும்போது மயங்கி விழுந்து பலர் உயிரிழந்த பிறகு, இதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரித்தது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, நின்ற பிறகும் அடங்காத மூச்சுத் திணறல் வந்தால் குழு என்ன நினைக்கும் என்று பார்க்காதீர்கள். உட்காருங்கள், சொல்லுங்கள், உதவியோடு இறங்குங்கள்.

எவ்வளவு பயிற்சி இருந்தாலும் காட்டாற்றில் அது பயன்படாது. 2024 ஜூன் 30 அன்று லோனாவாலா பூஷி அணைப் பகுதியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 பேரை வெள்ளம் அடித்துச் சென்றது. கனமழை எச்சரிக்கை நாட்களில் மாவட்ட நிர்வாகம் சுற்றுலா இடங்களுக்குத் தடை போடுவது வழக்கம். கிளம்பும் முன்பு அதைப் பாருங்கள்.

சிங்ககட் எளிதாகிவிட்டால் அடுத்து 1,403 மீட்டர் தோர்ணா, பிறகு மகாராஷ்டிராவின் உயரமான சிகரமான 1,646 மீட்டர் கல்சுபாய். கத்ரஜில் இருந்து சிங்ககட் வரை இரவு முழுக்கக் குன்று குன்றாக ஏறி இறங்கும் ட்ரெக்கை முதல் சீசனில் விட்டுவிடலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் செஞ்சி இருக்கிறது. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராத்திய ராணுவக் கோட்டைகள் 12-இல் மகாராஷ்டிராவுக்கு வெளியே உள்ளது அது ஒன்றுதான். ராஜகிரி உயரம் சுமார் 240 மீட்டர். உங்கள் அபார்ட்மெண்ட் கணக்கில் 80 மாடி.