உயிர் காக்கும் நிலவறை

நிலவறை என்றதும் பொன்னும் பொருளும் காக்கும் அறையே நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்திலோ அஃது உயிர் காக்கும் அறையாகும். ஆங்கு எழும் சுழற்காற்றில் மாந்தரை மாய்ப்பது பெரும்பாலும் காற்றன்று. அது வாரியெறியும் மரமும் தகரமும் செங்கல்லுமே ஆகும். மண்ணுக்குள் இறங்கி, வலிய இரும்புக் கதவை அடைத்துக்கொண்டவரை அவை அணுகா.

ஆயினும் எச்சரிக்கைக்குப் பின் கிடைப்பன சில நிமிடங்களே. ஆதலின் நிலவறை எட்டத்தில் இருத்தலாகாது. பலர் கார்க் கொட்டகையின் தரைக்கடியிலேயே அதனை அமைக்கின்றனர்.

2013 மே 20 அன்று மூர் நகரில் இறந்த 24 பேருள் எழுவர், புகலறை இல்லாத பள்ளியொன்றின் மாணவர். அப்பள்ளி 2014-இல் புகலறையுடன் மீண்டும் திறக்கப்பட்டது.