ஒரு நிமிடத்தில் வெளுப்பது ஏன்?

களியக்காவிளையில் எல்லை தாண்டி பஸ் ஏறினால் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் பக்கம்தான். ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக அங்கே போக வேண்டிய நிலையைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

காரணம் ஹெச்.பி.வி. வைரஸ். உடலுறவால் தொற்றும். பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. உடலால் விரட்ட முடியாமல் வைரஸ் தங்கிவிட்டால், அதன் இ6, இ7 புரதங்கள் செல்லின் காவல் புரதங்களை முடக்கும். செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும். புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். நமக்குள்ள அவகாசம் அதுதான்.

அதற்குள் செல்களில் வரும் மாற்றத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. நர்ஸ் பஞ்சில் அசிட்டிக் அமிலம் தொட்டுக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். மாறிய செல்களில் உட்கரு பெரியது, புரதம் அதிகம். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் உறைந்து, அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். லேசாக எரியலாம், அவ்வளவுதான்.

2000-இல் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒருமுறை இந்தச் சோதனை செய்ய ஏற்பாடானது. அந்தப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியானது.

மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். தொந்தரவே இல்லாவிட்டாலும், 30 வயது தாண்டியவர்கள் அரசு மருத்துவமனையில் கேட்டு இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.