அடுப்படி இடிக்கப் போறீங்களா?



ஆண்டு மலர் என்றால் அணை, பாலம், செயற்கைக்கோள் என்று பெரிய விஷயங்களை எழுதுவதுதான் வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது அடுப்படி. சிரிக்க வேண்டாம். டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் முதன்முதலில் கட்டப்போவது மேம்பாலம் அல்ல. மாமா வீட்டு அடுப்படியோ, பக்கத்து வீட்டுக் குளியலறையோதான்!

கடந்த சித்திரையில் வலங்கைமானில் எங்கள் வீட்டு அடுப்படியை இடித்துக் கட்டினோம். மொத்தம் 24 நாள். அந்த நாட்களில் வீடு எப்படி நடந்தது, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை வர வேண்டும், மேடையின் உயரத்தை எதை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்பதைச் சொல்லப் போகிறேன். சிவில் மாணவர்களுக்கு மட்டுமல்ல, எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் நண்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

எப்போது இடிப்பது?

நம்ம பக்கம் இதற்குக் காலண்டரை மட்டும் பார்த்தால் போதாது, வயலையும் பார்க்க வேண்டும். தை, மாசியில் சம்பா அறுவடை. அப்போது சித்தாளும் கிடைக்காது, வீட்டில் இடமும் இருக்காது. நெல் மூட்டை கூடம் வரை வந்துவிடும். பங்குனி இரண்டாம் ஞாயிறு மகாமாரியம்மன் கோயில் பாடைக்காவடி. ஊரே நிரம்பும், வீட்டுக்கு வீடு விருந்தாளி. "அம்மன் திருவிழா முடியாம ஒரு செங்கல்லைக்கூட தொடக்கூடாது" என்று அப்பாயி முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆக, மிஞ்சுவது சித்திரையும் வைகாசியும்தான். வெயில் கடுமை என்றாலும் கொத்தனார் கிடைக்கும் காலம் அதுதான்.

தற்காலிக அடுப்படி

இடிக்கும் முன்பே மாற்று அடுப்படி தயாராக இருக்க வேண்டும். எங்களுக்கு அது கொல்லைத் தாழ்வாரம். மரப் பெஞ்சு ஒன்று, அதன்மேல் அடுப்பு, கீழே தரையில் சிலிண்டர். இந்த இடத்தில் மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் பரவிப் பள்ளத்தில் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். அதனால் சிலிண்டரைக் குழிவான இடத்திலோ, நாலு பக்கமும் மூடிய இடத்திலோ வைக்கக் கூடாது. நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. அடுப்பு எப்போதும் சிலிண்டரின் உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

தாழ்வாரத்தில் வேறொரு தொல்லை, காற்று. தீயை அணைத்துவிட்டு வாயு மட்டும் வந்துகொண்டிருக்கும். காற்று வரும் பக்கம் மட்டும் ஒரு தகரத்தை நிறுத்தினோம். மற்ற பக்கங்களைத் திறந்தே விட்டோம்.

24 நாளும் அம்மாவின் சமையல் கணக்கு மாறிப்போனது. இரண்டு பர்னரில் ஒன்று சோற்றுக்கு, ஒன்று குழம்புக்கு. பொரியல் கிடையாது, துவையல் உண்டு, சுட்ட அப்பளம் உண்டு. காலையில் பழைய சோறும் மோர் மிளகாயும். கிரைண்டர் கூடத்து மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்ததால், இட்லி மாவு தெருமுனைக் கடையில். சாமானைக் கொல்லை அடிபம்பில் விளக்கினோம். எதிர் வீட்டு அத்தை வாரம் இரண்டு நாள் ரசமும் கூட்டும் கொடுத்தனுப்பினார்கள். இடிக்கும் தூசி கூடம் தாண்டி அறைக்குள் வரை வரும். அரிசி டிரம், மாவு டப்பா, குடிதண்ணீர்க் குடம் மூன்றையும் முதல் நாளே வீட்டின் மறுகோடிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். துணி போட்டு மூடுவது உதவாது. சிமெண்ட் தூசி துணியின் ஊடாகவே இறங்கும்.

எந்த வேலை முதலில்?

1 முதல் 3 நாள்: சாமானை அப்புறப்படுத்துவது, இடிப்பது, கழிவை அள்ளுவது.

4 முதல் 7: சுவரில் வேண்டிய இடங்களைக் கட்டுவது, மேடையின் தாங்கு சுவர்கள், ஒயர் போகும் குழாய், தண்ணீர்க் குழாய். பூசிய பிறகு சுவரைக் கொத்திக் குழாய் வைப்பது இரட்டைச் செலவு.

8, 9: பூச்சு.

10 முதல் 19: தண்ணீர் ஊற்றி ஆற்றுவது. நம்ம பாஷையில் கியூரிங்.

20 முதல் 24: மேடைக்கல், தரை ஓடு, சுவர் ஓடு, சுவிட்சு, குழாய் இணைப்பு. 24-ஆம் நாள் பால் காய்ச்சினோம்.

நடுவில் வரும் அந்தப் பத்து நாள்தான் வீட்டார் பொறுமையைச் சோதிக்கும். "என்னப்பா, வேலையே நடக்கலையே?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். வேலை நடக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்! சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. ஈரம் போய்விட்டால் வினை பாதியில் நின்றுவிடும். நம் பாடத்தில் வரும் ஐ.எஸ். 456 கான்கிரீட்டுக்கு சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்ட் அல்லது கடும் வெயில் காலம் என்றால் 10 நாளும் சொல்கிறது. எங்களுடையது சாம்பல் கலந்த சிமெண்ட், மாதமோ சித்திரை. அதனால் பூச்சுக்கும் அதே 10 நாளை வைத்துக்கொண்டோம். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. பெயின்டை மட்டும் தள்ளிப்போட்டோம். ஈரம் முழுக்கப் போகாத சுவரில் அடித்தால் உரிந்துவிடும்.

மேடைக்குக் கடப்பாவா, கிரானைட்டா என்று கேட்பார்கள். கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் இனம். புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு தங்கினால் அமிலம் அரித்து மினுமினுப்பு போய்விடும். கிரானைட்டைப் புளி ஒன்றும் செய்யாது. நாங்கள் அலமாரித் தட்டுக்குக் கடப்பாவும், மேடைக்குக் கிரானைட்டும் போட்டோம்.

உயரம் யாருக்காக?

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே இந்தப் பகுதிக்காகத்தான்.

நம் பாட்டிமார் உட்கார்ந்து சமைத்தவர்கள். தரையோடு ஒட்டிய கோடி அடுப்பு, பக்கத்தில் அம்மி, அரிவாள்மணை, எல்லாம் உட்கார்ந்த கைக்கு எட்டும் தூரம். ஆனால் புகை. சமையல் புகை முதலான வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இதைக் குறைக்க 1980-களில் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. பின்னர் தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்பு, 2011-ல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் என்று வரிசையாகச் சாமான்கள் வீட்டுக்குள் வந்தன. நல்ல காரியம்தான். ஆனால் சாமான் மாறியதே தவிர, பல வீடுகளில் அறை மாறவில்லை. உட்கார்ந்து சமைக்கக் கட்டிய அறையில், நின்று சமைக்கும் அடுப்பை ஏதோ ஒரு மேசைமேல் தூக்கி வைத்தோம். எங்கள் வீட்டிலும் ஓர் இரும்பு மேசைதான். அதிலிருந்து உலைப்பானையைத் தூக்கிக் கஞ்சி வடிக்கும்போது பட்ட தழும்பு அம்மாவின் வலது முன்கையில் இப்போதும் இருக்கிறது.

நான்காம் நாள் கொத்தனார் மேடைக்கு நூல் கட்டினார். தரையிலிருந்து 33 அங்குலம்.

"இது யார் அளவுண்ணே?" என்றேன்.

"எல்லா வீட்டுக்கும் இதான் தம்பி. ரெண்டே முக்கால் அடி."

அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். டேப்பை எடுத்து, அம்மாவை நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லி அளந்தேன். தரையிலிருந்து முழங்கை 36 அங்குலம். காய் நறுக்கும் மேடை முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருந்தால் தோள் தூக்காது, முதுகு வளையாது. அதாவது 32-க்கு மேல் போகக் கூடாது. நறுக்குவதற்கு 33 என்றால் ஓர் அங்குலம்தானே கூடுதல் என்று விட்டுவிடலாம். அடுப்பு வைக்கும் இடத்தில்தான் ஆபத்து. 33 அங்குல மேடை, 4 அங்குல அடுப்பு, 8 அங்குலப் பானை என்று கூட்டிப் பாருங்கள்: 45. பானையின் வாய் ஏறக்குறைய அம்மாவின் தோளுக்கு வந்துவிடுகிறது! தோள் உயரத்திலிருந்து கொதிக்கிற கஞ்சிப் பானையைத் தூக்குவது எப்படி இருக்கும்? அதனால் அடுப்புப் பகுதியை மட்டும் 26 அங்குலத்துக்கு இறக்கலாம் என்றேன். 26-ம் 4-ம் 8-ம் 38. முழங்கைக்குச் சற்று மேல். வடிகட்டும் தொட்டியையும் அதை ஒட்டியே வைத்தால் பானையைத் தூக்கிக்கொண்டு நடக்கவே வேண்டாம்.

அப்பா யோசித்தார். கல் ஒரே நீளமாகச் சொல்லியாயிற்று. இரண்டாக வெட்டி, ஓரம் பாலிஷ் போட்டு, கூடுதலாக ஒரு தாங்கு சுவரும் கட்டினால் குறுவை விதைக்கு ஒதுக்கியிருந்த பணத்தில் கைவைக்க வேண்டும். அம்மாவோ, "எனக்கு எதுக்குப்பா தனி அளவு? எல்லாரும் சமைக்கிறாப்பல நானும் சமைச்சுட்டுப் போறேன்" என்றார்கள். இருபது வருஷமாகச் சமைப்பவரிடம் யாரும் எந்த அளவும் கேட்டதில்லை. அதனால் கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை.

அப்போது அப்பாயிதான் சொன்னார்கள்: "ஏன்டா, உனக்குச் சட்டை தைக்கிறப்ப உன்னை அளக்காம ஊரையா அளக்கிறான்?"

கொத்தனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நூலை அவிழ்த்து இரண்டு உயரமாகக் கட்டினார். அப்பாவும் கடைக்குப் போன் போட்டு, கல்லை இரண்டாக வெட்டச் சொன்னார்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. 1926-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் ஓர் அடுப்படியை வடிவமைத்தார். ரயிலின் உணவுப் பெட்டிச் சமையலறையை முன்மாதிரியாக வைத்து, சமைப்பவர் எங்கிருந்து எங்கே நடக்கிறார் என்று கணக்கிட்டு, சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் இடத்தில் எல்லாவற்றையும் அடக்கினார். சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் பாட்டி. அவர் தொடங்கியது சுவரிலிருந்து அல்ல, சமைப்பவரின் அசைவிலிருந்து.

மறக்கக் கூடாத மூன்று

ஒன்று: காற்று. ஆவியும் தாளிப்புப் புகையும் மேலே போகும். அதற்கு உயரத்தில் எக்ஸாஸ்ட் விசிறி. கசிந்த எரிவாயு கீழே தங்கும். அதற்குத் தரையை ஒட்டி ஒரு திறப்பு. இரண்டும் வேண்டும்.

இரண்டு: மின்சாரம். பியூஸ் காப்பாற்றுவது ஒயரை, ஆளை அல்ல. 5 ஆம்பியர் பியூஸ் போகும் முன்பே அதில் நூறில் ஒரு பங்கு மின்னோட்டம் உடம்பில் பாய்ந்து உயிரைப் பறித்துவிடும். ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடும் இடம் இது. நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்.

மூன்று: தரைச் சரிவு. கழுவிவிட்டால் தண்ணீர் தானாக மூலைக்கு ஓட வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு போதும். ஓடு பதித்த அன்றே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். மறுநாள் கலவை இறுகிவிடும்.

அப்பாயிக்காக ஜன்னலோரம் 4 அடிக்கு 3 அடி தரையைக் காலியாக விட்டோம். அரிவாள்மணை போட்டுக் கீரை ஆய்வது இன்னமும் அங்கேதான்.

நண்பர்களே, நாளை நீங்கள் ஒரு வீட்டு வேலைக்கு டேப்போடு போவீர்கள். வீட்டுக்காரர் வாசலிலேயே உட்கார வைத்து நீளம், அகலம், பட்ஜெட் எல்லாம் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு உள்ளே போய், "அம்மா, கொஞ்சம் நில்லுங்க, உங்க கையை மடக்குங்க" என்று சொல்லி அளந்த பிறகு நூல் கட்டுங்கள்.



— சிவில் இறுதியாண்டு மாணவன்