ஃபேனுக்கும் லைட்டுக்கும் தனித்தனி சுவிட்ச்

ஃபேனும் லைட்டும் ஒரே சுவிட்சில் இருக்கும் வீடுகளில், இரவில் பிள்ளைகளுக்குக் காற்று வேண்டுமென்றால் விளக்கையும் எரிய விட வேண்டியுள்ளது. இதைப் பிரிப்பது எளிது. போர்டுக்கு வரும் பேஸ் வயரை இரண்டு சுவிட்சுகளுக்கும் கொடுத்து, ஒன்றிலிருந்து ரெகுலேட்டர் வழியாக ஃபேனுக்கும், மற்றதிலிருந்து நேராக லைட்டுக்கும் தனி வயர் இழுக்க வேண்டும். நியூட்ரல் இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம். ஃபேனுக்கு எர்த் அவசியம்.

நாம் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: சுவிட்ச் பேஸ் வயரில் இருக்க வேண்டும். நியூட்ரலில் வைத்தாலும் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். அணைத்தாயிற்று என்று நம்பி பல்பு மாற்றுபவரின் உயிருக்கே அது ஆபத்து.

உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டே வேலையைச் செய்யுங்கள். முடிந்ததும் சுவிட்சை அணைத்து, ஹோல்டரில் டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். டெஸ்டர் எரிந்தால், சரிசெய்த பிறகே கூலியைக் கொடுங்கள்.