ஆப்ரிகாட்: பழம் நல்லது, கசப்புப் பருப்பு மருந்தல்ல

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் பேரீச்சம்பழத்தோடு ஆப்ரிகாட்டும் கொண்டு வருவார்கள். அரபியில் மிஷ்மிஷ், உருதுவில் குபானி. நம் சேத்தியாத்தோப்பு வெயிலில் இது காய்க்காது. நீண்ட குளிர்காலம் கண்டால்தான் இம்மரம் பூக்கும். நம் நாட்டில் லடாக்கின் லே, கார்கில் பகுதிகளில்தான் அதிகம் விளைகிறது. அங்குள்ள ‘ரக்சே கார்ப்போ’ இனத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பருப்பு இனிக்கும், பாதாம்போல் தின்பார்கள்.

கவலையெல்லாம் கசக்கும் பருப்பைப் பற்றித்தான். ‘வைட்டமின் பி17’, புற்றுநோய் குணமாகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அண்மையில் ஒரு சகோதரர் தம் தாயாருக்காக வாங்கிய பொட்டலத்துடன் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்து, “கீமோவை நிறுத்திவிடலாமா?” என்று கேட்டார்.

அப்படியொரு வைட்டமினே கிடையாது. அதிலிருப்பது அமிக்டலின், மென்று தின்றால் வயிற்றுக்குள் சயனைடு உண்டாகும். கசப்பு மரவள்ளியைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்பதும் இதே நஞ்சுக்காகத்தான். அமெரிக்காவில் 178 புற்றுநோயாளிகளுக்கு அமிக்டலின் கொடுத்துப் பார்த்து, 1982-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்கும் நோய் குணமாகவில்லை. சிலருக்கு நஞ்சின் அறிகுறிகள் தெரிந்தன. சிறிய பருப்பு மூன்றுக்கு மேல் பெரியவர்களுக்கே ஆகாது, சிறு குழந்தைக்கு ஒன்றுகூட ஆபத்து என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் எச்சரித்தது.

தின்றபின் தலைச்சுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் கண்டால் கைமருந்து பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

பழத்தை நோன்பு திறக்கத் தாராளமாகச் சாப்பிடலாம். பளபளக்கும் ஆரஞ்சு நிறப் பழத்தில் கந்தகப் புகை ஏற்றியிருப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

சிகிச்சைச் செலவுக்கு அஞ்சித்தான் பலர் இப்படிப் பொட்டலங்களை நாடுகிறார்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையும் உண்டு. குடும்ப அட்டையுடன் அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பத்தை எழுதித் தருகிறோம்.