பசிக்குச் சோறு, ஆளுக்கு மீன்

பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களின் பசிக்காக வளர்ந்த உணவு நாசி கண்டார். தோளில் ஒரு கம்பு, அதன் இரு முனைகளிலும் பாத்திரம், ஒன்றில் சோறு, மற்றதில் குழம்பு. இப்படிச் சுமந்து ஜார்ஜ் டவுன் தெருக்களில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் நடந்து விற்றார்கள். வாங்கி உண்டவர்கள் விடிந்ததிலிருந்து உடம்பை வருத்தி வேலை செய்தவர்கள். தட்டு நிறையச் சோறும் அதன்மேல் குழம்பு வெள்ளமும் அவர்களுக்குத் தேவையாகவே இருந்தன.

அந்த அளவுச் சோற்றை இன்று வீட்டில் கேட்பது படிவம் 4இல் படிக்கும் பையன். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பட்டியல்படி, கடும் உடலுழைப்பு செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 3,470 கலோரி வேண்டும். 16 முதல் 18 வயது வரையுள்ள பையனுக்கு அதே பட்டியல் சொல்வது 3,320. மூட்டை தூக்குபவருக்கும் புத்தகப்பை தூக்குபவனுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சிறு கிண்ணம் சோறுதான். உட்கார்ந்து வேலை செய்யும் அப்பாவுக்கு 2,110 போதும். அம்மாவும் அப்படிப்பட்ட வேலையில் இருந்தால் அவருக்கு 1,660. மகனின் தேவை தாயின் தேவையைப் போல் சரியாக இரண்டு மடங்கு.

பையன் ஓடியாடி விளையாடுகிறவன் என்று எடுத்துக்கொண்டு போட்ட எண் இது. பள்ளி விட்டதும் திடலில் பந்து உதைப்பவனுக்குப் பொருந்தும். கைப்பேசியோடு கட்டிலில் கிடப்பவனுக்குக் கணிசமாகக் குறையும். ஆனாலும் எந்தக் கணக்கில் பார்த்தாலும் அந்த வீட்டில் அதிகம் சாப்பிட வேண்டியவன் அவன்தான்.

சிக்கல் மதியம் இரண்டரை மணிக்குத் தொடங்குகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகும் அம்மா விடியற்காலையிலேயே சமைத்து மூடி வைத்துவிட்டுப் போயிருப்பார். பள்ளி விட்டு வந்த பையன் நின்றபடியே பானையைத் திறப்பான். மாலையில் தங்கச்சி டியூஷன் முடிந்து வரும்போது குழம்பில் மீன் இருக்காது. இரவில் அம்மா வந்தால் அடிச்சோறும் ரசமும்தான் மிஞ்சியிருக்கும். "வளர்ற பிள்ளை, சாப்பிட்டுட்டுப் போறான்" என்று அம்மாவே சொல்லிவிடுவார். அடுக்குமாடி வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் குறைவு. அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதனால் வீட்டில் யாருக்கு எது குறைகிறது என்று கணக்குப் பார்த்தால் நெஞ்சு உறுத்துகிறது.

முதலில் பசியைப் பார்ப்போம். வளர்ச்சிக்கே உணவெல்லாம் போய்விடுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மை வேறு. புதிய எலும்பையும் தசையையும் கட்டுவதற்கு ஆகும் சக்தி, பதின்பருவத்தில் மொத்தத் தேவையில் ஒன்றிரண்டு சதவீதம்தான் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கணக்கிட்டிருக்கின்றன. ஒரு மாதக் குழந்தைக்கு அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 2021இல் 'சயின்ஸ்' இதழில் ஹெர்மன் பான்ட்சரும் பல நாட்டு ஆய்வாளர்களும் ஒரு பெரிய கணக்கை வெளியிட்டார்கள். பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை 29 நாடுகளின் 6,400க்கு மேற்பட்டவர்கள் அதில் அடக்கம். உடல் எடைக்கு ஏற்பச் சரிசெய்து பார்த்தால், சக்திச் செலவின் உச்சம் ஒரு வயதில் வருகிறது. பருவமடையும் காலத்தில் தனியான எழுச்சி எதுவும் இல்லை.

அப்படியானால் பானை ஏன் காலியாகிறது? உடம்பு பெரிதாகிவிட்டது என்பதே பெரும்பகுதி விடை. உயரம் வேகமாகக் கூடும் காலம் பெண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 12 வயதிலும் பையன்களுக்கு 14 வயதிலும் வருகிறது. அந்த ஓர் ஆண்டில் பையன் ஒன்பது பத்து சென்டிமீட்டர் வளரலாம். வளர்ந்தவரின் எடையில் ஏறக்குறைய பாதி இந்தச் சில ஆண்டுகளில்தான் சேர்கிறது. சேர்ந்த தசை தூங்கும்போதும் சக்தியைச் செலவழிக்கிறது. 12 வயதில் 2,220 கலோரி கேட்ட உடம்பு, ஐந்தே ஆண்டுகளில் இன்னொரு 1,100 கேட்கிறது. அம்மா அரிசி அளக்கும் பால் டின்னோ பழைய எண்ணிக்கையிலேயே நிற்கிறது.

ஹார்மோன்களும் பங்கு வகிக்கின்றன. லெப்டின் என்ற ஹார்மோனை 1994இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு கண்டுபிடித்தது. கொழுப்புத் திசுவில் சுரந்து, போதிய இருப்பு உள்ளது என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. பருவமடையும் பெண்களிடம் அது கூடுகிறது. பையன்களிடம் டெஸ்டோஸ்டிரோன் ஏற ஏற லெப்டின் இறங்குகிறது. 'போதும்' என்ற செய்தி மூளைக்கு மெலிந்துதான் போய்ச் சேர்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 8 முதல் 17 வயது வரையுள்ள 204 பிள்ளைகளை விருந்துபோல் பரப்பிய மதிய உணவின் முன் உட்காரவைத்து, அவரவர் விருப்பப்படி சாப்பிட விட்டார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, பருவம் எய்தாத சிறுவர்கள் ஏறக்குறைய 1,300 கலோரி உண்டார்கள். 14 முதல் 17 வயதுப் பையன்கள் ஒரே வேளையில் 2,000 கலோரியை நெருங்கினார்கள். பெண்பிள்ளைகளின் உணவு பருவத்தின் நடுவிலேயே கூடி, பிறகு பெரிதாக ஏறவில்லை. ஆகவே "வயிறா, வண்ணான் தாழியா?" என்று பையனைத் திட்டுவதில் பயனில்லை. அவன் உடம்பு கேட்கிறது.

இனி பங்கீட்டுக்கு வருவோம். கலோரியில் தாயைப் போல் இரண்டு மடங்கு கேட்கும் மகன், புரதத்திலும் இரண்டு மடங்கு கேட்கிறானா? அதே இந்தியப் பட்டியலில் 16 முதல் 18 வயதுப் பையனுக்குப் புரதம் 55 கிராம், அம்மாவுக்கு ஏறக்குறைய 46. வித்தியாசம் ஒன்றரை முட்டை அளவு. இரும்புச்சத்தில் நிலைமையே தலைகீழ். பையனுக்கு 26 மில்லிகிராம், அம்மாவுக்கு 29, அதே வயதுப் பெண்பிள்ளைக்கு 32. மாதவிடாயில் இழக்கும் இரும்பை ஈடுகட்ட வேண்டியவர்கள் பெண்கள். ஆனால் குழம்பிலுள்ள மீனும் கோழியும் ஈரலும் யாருடைய தட்டுக்கு முதலில் போகின்றன? மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தசோகை இருந்தது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிற அம்மாவும், வகுப்பில் தலை சுற்றுகிறது என்று சொல்லும் மகளும் அந்தக் கணக்குக்குள் வருபவர்களாக இருக்கலாம்.

பங்கீட்டின் விளைவை உயரத்திலும் அளந்திருக்கிறார்கள். சீமா ஜெயச்சந்திரன், ரோகினி பாண்டே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இந்தியக் குழந்தைகள் ஆப்பிரிக்கக் குழந்தைகளைவிடக் குள்ளமாக இருப்பதன் காரணத்தை ஆராய்ந்து 2017இல் எழுதினார்கள். முதல் பிள்ளையிடம் அந்தக் குறை பெரிதாக இல்லை. அடுத்தடுத்துப் பிறந்தவர்களிடம் அது கூடிக்கொண்டே போகிறது. மூத்த மகனுக்கு முதலிடம் தரும் வழக்கமே பெருங்காரணம் என்பது அவர்கள் முடிவு.

ஆகவே என் கருத்து இது. சோற்றைப் பசிக்கு ஏற்பப் போடுங்கள். மீன், முட்டை, கோழி, கீரையை ஆளுக்கு இவ்வளவு என்று பிரியுங்கள். பையன் நான்கு முறை சோறு வாங்கட்டும், யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கானாங்கெளுத்தி மட்டும் தங்கச்சிக்கும் அதே அளவு துண்டு.

ஆனால் சோற்றை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் பசி அடங்காது. சோறு மட்டும் போதாது என்பதை நூறாண்டுக்கு முன்பே கண்ட நாடு மலாயா. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் வயிறு நிறைய வெள்ளைச் சோறு தின்றும் கால் வீங்கி, நரம்பு தளர்ந்து பெரிபெரி நோயால் மடிந்தார்கள். அதே காலத்தில் தோட்டத்துத் தமிழர்களை அந்த நோய் பெரிதாக அண்டவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதைக் கவனித்து 1907இல் நூலாக எழுதினார். தமிழர் தின்றது புழுங்கலரிசி. நெல்லை வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் சாலை போட்ட தொழிலாளர்களை இரு குழுவாக்கி, இருவகை அரிசியும் மாற்றி மாற்றிக் கொடுத்து, அரிசி வகையே காரணம் என்பதை உறுதிசெய்தார்கள். நம் வீடுகள் பலவற்றில் புழுங்கலரிசி போய் வெள்ளைப் பச்சரிசி வந்து வெகு காலமாயிற்று. ஒரு வேளையாவது புழுங்கலரிசியைத் திரும்பக் கொண்டுவருவது நல்லது.

புரதத்துக்கும் பசிக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ராபன்ஹைமர் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். உடம்பு தனக்கு வேண்டிய புரதம் கிடைக்கும்வரை சாப்பிடத் தூண்டுகிறது. உணவில் புரதம் நீர்த்திருந்தால் மாவையும் எண்ணெயையும் கூடுதலாக உள்ளே தள்ளியாவது அந்த அளவை எட்டப் பார்க்கிறது. நூறு கிராம் சோற்றில் புரதம் மூன்று கிராம்கூட இல்லை. 55 கிராமைச் சோற்றிலிருந்து மட்டும் எடுக்க வேண்டுமானால் இரண்டு கிலோ சோறு தின்ன வேண்டும். ஒரு பொட்டலம் மேகி மீ தின்ற பையன் அரைமணியில் மறுபடி குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மீனை ஆளுக்கொரு துண்டு என்று வைத்துவிட்டு, மலிவான புரதத்தைப் பானை நிறைய வைப்பதுதான் வழி. தண்ணீர் சாம்பாருக்குப் பதில் கெட்டியான பருப்பு, சோற்றோடு தெம்பே, தௌஹு, கொண்டைக்கடலை. நூறு கிராம் தெம்பேயில் சுமார் 19 கிராம் புரதம் இருக்கிறது, சௌராஸ்தா சந்தையில் அதற்குக் கோழியின் விலையும் இல்லை. மலாய்க்காரர் சமையல் என்று ஒதுக்கிவைத்திருக்கும் வீடுகள் ஒருமுறை மிளகாய் போட்டுப் பிரட்டிப் பார்க்கலாம்.

இனிப்புப் பானம் வேறு கதை. பர்டியூ பல்கலைக்கழகத்தில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், 15 பேருக்கு நான்கு வாரம் நாளொன்றுக்கு 450 கலோரி இனிப்பு மிட்டாயாகவும், இன்னொரு நான்கு வாரம் அதே அளவு சோடாவாகவும் கொடுத்தார்கள். மிட்டாய் தின்றபோது மற்ற உணவு தானாகக் குறைந்தது. சோடா குடித்தபோது குறையவே இல்லை. குடிக்கும் சர்க்கரையைப் பசி கணக்கில் சேர்ப்பதில்லை. மலேசியா 2019 ஜூலையில் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டு, 2025இல் அதை 90 சென்னாக உயர்த்தியது. பெரிய புட்டியை வீட்டுக்குள் வாங்கி வைக்காமலிருப்பது அந்த வரியைவிட வேகமாக வேலை செய்யும்.

தூக்கமும் சேர்ந்ததுதான். பதின்பருவத்தில் உடலின் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகிறது, நள்ளிரவு வரை கண் சொக்காது. காலை ஏழரைக்குள் பள்ளியில் இருக்க வேண்டும். 2004இல் வெளியான சிகாகோ ஆய்வு ஒன்றில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். போதிய தூக்கம் கிடைத்த நாள்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது.

சில வீடுகளில் பிஸ்கட் டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். வேண்டாம். ஜெனிஃபர் ஃபிஷரும் லீயன் பிர்ச்சும் 1999இல் சிறு குழந்தைகளிடம் காட்டியபடி, தடுத்து வைத்த தின்பண்டத்தின் மேல்தான் ஆசை பெருகுகிறது. பூட்டுவதைவிடச் சமைத்த உடனே பிரித்துவைப்பது மேல். தங்கச்சி பங்கு ஒரு தூக்கில், அம்மா அப்பா பங்கு இன்னொன்றில். மேசைமேல் மீதி இருப்பதெல்லாம் பையனுக்கு. எது தன்னுடையது என்று அவனுக்குத் தெளிவாகத் தெரியும்போது திருட்டும் இல்லை, திட்டும் இல்லை. இரண்டரை மணிப் பசிக்கென்று தனியாக அவித்த முட்டையும் பருப்பும் இருக்கட்டும். பதினைந்து வயதுப் பையனுக்கு உலை வைக்கத் தெரிய வேண்டும். பானையைக் காலி செய்தவனே அரிசியைக் கழுவிப் போட்டால், ஷிப்ட் முடிந்து வரும் அம்மாவுக்குச் சுடுசோறு கிடைக்கும்.

பசி நோயின் அறிகுறியாக இருக்கும் நேரமும் உண்டு. நன்றாகச் சாப்பிட்டும் பையன் மெலிகிறான், ஓயாமல் தண்ணீர் குடிக்கிறான், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுகிறான் என்றால் முதல் வகை நீரிழிவாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எடை ஏறி, கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்திருந்தால் அதை அழுக்கு என்று தேய்க்காதீர்கள், இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளம். அதே 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது, நாட்டின் மற்ற பெரிய இனங்களைவிட நம்மிடமே அதிகம். இருபது வயதை ஒட்டிப் பசி இறங்கும்போது தட்டையும் இறக்கிக்கொள்ளாவிட்டால் அந்தக் கணக்கில் இன்னொருவர் சேர்கிறார். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் இரத்தச் சர்க்கரையைப் பார்க்கலாம். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு ரிங்கிட். போகும்போது அம்மாவும் தங்கச்சியும் கூடவே போய், இரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.